பழைய பாக்கெட்

இன்றைக்கு இந்த அம்மா எதையோ சுருட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள் என்று ரஜியாவுக்கு உறுதியாகிவிட்டது. இல்லாவிட்டால் எதற்காக அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் கையை விட்டுத் துழாவ வேண்டும்?

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் அந்த சூப்பர் மார்க்கெட் ரஜியாவின் மாமனார் நூர் முகமதுவுடையது. கல்லாவில் ரஜியா உட்காருவாள். எதிரே 'ஆரோக்கிய உணவுகள்' என்று எழுதிய அலமாரி. அத்திப்பழம், வால்நட், செக்கு நல்லெண்ணெய், முறத்தோடு சிரிக்கிற விவசாயி படம் போட்ட கல்வராயன் மலைச் சாமை, மலைத்தேன் எல்லாம் அதில் இருக்கும். டாக்டர் வீட்டுக்காரர்களும் வாத்தியார் வீட்டுக்காரர்களும் வாங்குகிற சங்கதி. விலையைப் பார்த்தாலே பாதிக் கொழுப்பு கரைந்துவிடும்.

அந்த அலமாரிக்கு முன்னால்தான் இருசம்மாள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து நிற்பாள். மலையிலிருந்து இறங்கி வந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறவள். பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நிற்பாள். கோணலாக இருக்கும் சாமைப் பாக்கெட்டுகளை எடுத்து நேராக வைப்பாள். ஒன்றும் வாங்காமல் போய்விடுவாள். மலையில் பிறந்தவள் சாமையைக் காசு கொடுத்தா வாங்குவாள்? ஆறு மாதமாக இதே கூத்து.

"அந்தம்மா மேல ஒரு கண்ணு வெய்யி ரஜியா," என்று நூர் முகமது சொல்லியிருந்தார். "வாங்க வரவங்கள விட, சும்மா பாக்க வரவங்களாலதான் தொல்ல ஜாஸ்தி."

ஆனாலும் அவளை விரட்ட ரஜியாவுக்கு மனசு வந்ததில்லை. போன வாரம் கல்லாவின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, ரியாத்தில் இருக்கும் கணவனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். இருசம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"உன் வூட்டுக்காரரா பாப்பா?"

"ஆமாம்மா. அங்க போயி ரெண்டு வருசமாச்சு. தெனம் இப்பிடித்தான் பாத்துக்கினு கெடக்கேன்."

"எங்க வூட்டுக்காரு செத்தும் ரெண்டு வருசந்தான் ஆவுது. நீ நெனச்சா மூஞ்சியப் பாத்துக்கற. குடுத்து வெச்சவ."

பேசி முடித்துப் போனை அணைத்த பிறகு வருகிற வெறுமை ரஜியாவுக்குத் தெரியும். இவளுக்கு அணைப்பதற்குப் போன்கூட இல்லையே என்று அன்றைக்குப் பாவமாக இருந்தது.

அந்தப் பாவமெல்லாம் இன்றைக்குப் பறந்துவிட்டது.

"ம்மா! இன்னா தேடறீங்க?"

"இங்க இருந்த சாமை எங்க பாப்பா?" இருசம்மாள் அடுத்த தட்டுக்குக் குனிந்தாள்.

"கண்ணெதிர்ல அடுக்கி வெச்சிருக்கேனே." காலையில் வந்த புது பாக்கெட்டுகள் வரிசையாக நின்றன. பளபளவென்று பச்சை, நடுவில் ஒரு இலை, கீழே ஆங்கிலத்தில் பெயர்.

"இது இல்ல. பழசு."

"அது தேதி முடிஞ்சி போச்சு. தோ, அட்டப்பெட்டில போட்டு வெச்சிருக்கேன். கம்பெனி வண்டி வந்து எடுத்துக்கினு பூடும்."

சொல்லி முடிப்பதற்குள் இருசம்மாள் அட்டைப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மூன்று பாக்கெட்டுகள் இருந்தன. இரண்டு கசங்கியிருந்தன. கசங்காத ஒன்றை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"இந்த வாரக் கூலி வாங்கியாச்சு. எவ்ளோன்னாலும் தரேன். இத்தக் குடு."

ரஜியாவின் சந்தேகம் இப்போது வேறு பக்கம் திரும்பியது. தெரிந்த கடை ஒன்றில் யாரோ சிலர் தேதி முடிந்த பிஸ்கட்டை வேண்டுமென்றே வாங்கிப் போய், உணவுத்துறை ஆபீசரிடம் காட்டுவோம் என்று மிரட்டிக் காசு பறித்திருந்தார்கள். இவளை யார் ஏவிவிட்டார்களோ?

"வேணாம்மா, பூச்சி வெச்சிருக்கும். தின்னா வயித்துக்கு ஆவாது."

"நான் திங்க மாட்டேன்."

"பின்ன யாருக்கு? வூட்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல."

சரிதான், மிரட்டுகிற கோஷ்டியேதான். ரஜியா எழுந்து வந்து பாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். இருசம்மாள் விடவில்லை.

"இழுக்காத பாப்பா, கசங்கிடும்!"

கடைக்குள் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரஜியாவுக்கு மானம் போயிற்று. சட்டென்று கையை எடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு புது பாக்கெட்டை உருவி அவள் முன்னால் நீட்டினாள்.

"அதே மலை, அதே சாமை. வெலையும் இருவது ரூவா கம்மி. இந்தப் புதுசுல இல்லாதது அந்தப் பழசுல அப்பிடி இன்னாதான் இருக்கு, சொல்லுங்க!"

இருசம்மாள் எழுந்து கல்லாவுக்குப் போனாள். ரஜியாவின் செல்போனுக்குப் பக்கத்தில், படம் தெரிகிற மாதிரி அந்தப் பழைய பாக்கெட்டைச் சாய்த்து வைத்தாள். முறத்தோடு நின்றவர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரு, பாப்பா."