மதிலில் முடியும் தெரு

மார்ச் மாதம், காலை ஆறு மணி. நான்கு குட்டிகளுடன் செவலை என்ற நாய் கடைவீதியைவிட்டுக் கிளம்பியது. அங்கே எந்தச் சந்தில் நுழைந்தாலும் இன்னொரு தெரு வரும். எல்லாவற்றிலும் பைக் பறக்கும். போன ஈற்றுக் குட்டிகள் மூன்றும் சக்கரத்தில்தான் போயின.

நகரம் வளர்ந்து வயல்வெளியைத் தொட்ட இடத்தில் ஒரு புது லேஅவுட். அங்கே தெருக்கள் எல்லாம் மதிலில் போய் முடிந்தன. செவலை அதில் ஒன்றில் குடியேறியது.

பார்க்க வந்த கடைவீதி நாய் கொக்கி, மதிலைக் கண்டு விக்கித்து நின்றது.

"என்னடி இது! தெரு பாதியிலேயே செத்துப்போச்சு?"

"கத்தாதடா, பிள்ளைங்க தூங்குது."

"அடுத்த தெரு இதோ பின்னாலதான் இருக்கு. வாசனை வருது. எப்படிப் போவே?"

"மெயின் ரோட்டுக்குப் போய் சுத்தி வரணும்."

"அவ்வளவு தூரமா?"

"நான் எதுக்குப் போறேன்? இங்க ஒரு சைக்கிள்கூடக் குறுக்க வராது. உனக்குப் பொறாமை."

கொக்கி மதிலை இன்னொரு முறை மோந்துவிட்டுப் போனது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, நாய் பிடிக்கும் வண்டி கடைவீதிக்கு வந்தது; நாய்கள் சந்துகளில் புகுந்து தப்பிவிட, காலியாகத் திரும்பியது. பிறகு லேஅவுட்டுக்குப் போய், செவலையின் தெருமுனையில் குறுக்கே நின்றது. செவலையும் நான்கு குட்டிகளும் மதில்வரை ஓடின.