ஆளுக்கொரு கல்

வெளிநாட்டுச் சுற்றுலாவின் ஒன்பதாம் நாள் ஒரு பழைய யூதக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோதே லூர்தம்மாளுக்குக் கால் வீங்கிவிட்டிருந்தது. குழு முன்னே போய்விட்டது. அவள் பெரிதும் சின்னதுமான இரண்டு கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். கல்லறை மேலே கூழாங்கற்கள் கிடந்தன. நவம்பர்தோறும் கல்லறைத் திருநாளுக்குத் தூத்துக்குடியில் கணவரின் கல்லறையைக் கழுவித் துடைக்கிற கை சும்மா இருக்கவில்லை. பாட்டில் தண்ணீரை ஊற்றி இரண்டையும் துடைத்து, கற்களையெல்லாம் கீழே ஒதுக்கினாள்.

தேடிக்கொண்டு வந்த டூர் மேனேஜர் ஜெரால்டு திகைத்து நின்றான்.

“என்ன காரியம் பண்ணிட்டீங்கக்கா? இவங்க பூ வைக்க மாட்டாங்க. பார்க்க வந்தவங்க ஆளுக்கொரு கல்லு வச்சிட்டுப் போவாங்க.”

பெரிய கல்லறையில் நிறைய இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. அள்ளி அள்ளி அதன் மேல் வைத்தாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. கடைசிக் கல்லில் கை நின்றுவிட்டது. பக்கத்துச் சின்னக் கல்லறை அவள் துடைத்த ஈரத்தோடு வெறுமையாக இருந்தது.

“தம்பி, இந்தச் சின்னதுல கல்லு இருந்துச்சா?”

“நான் எங்கக்கா பார்த்தேன்? எந்திரிங்க, எல்லாரும் பஸ்ஸுல ஏறியாச்சு.”

“ஒண்ணாவது இருந்துச்சான்னு யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லு. அப்புறம் வாரேன்.”