சென்னியப்பன் வைத்த பெயர்

பேரனை மடியில் வாங்கியதும் மண்டபமே என் வாயைப் பார்த்தது.

பார்க்காமல் என்ன? தலைப்பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். எங்கள் வழக்கம் அது. நான் சென்னியப்பன், என் தாத்தாவும் சென்னியப்பன். காங்கேயத்தில் எங்கள் எண்ணெய் மில்லும் சென்னியப்பன்தான்.

ரஷ்யாவை முந்நூறு வருஷம் ஆண்ட ரொமானோவ் வம்சத்துக்கே தாத்தா பெயர்தானாம். கோவையில் கல்லூரியில் சரித்திரம் நடத்தும் என் மருமகள் நித்யஸ்ரீ சொன்னாள். தலைமுறைக்கொரு பெயரில் திரிந்த குடும்பம், ரோமன் என்பவரின் பெயரைப் பேரன்கள் பிடித்துக்கொண்டதும் அதிலேயே நிலைத்துவிட்டதாம்.

அழைக்கப் போன வீடெல்லாம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

சர்க்கரைத் தண்ணீரோடு வந்த மருமகளிடம், நாலு பேர் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன்.

“ஏனம்மணி, அந்த ரோமன் பெரிய ராஜாவா இருந்திருப்பாரில்ல?”

“ராஜா இல்லீங்க மாமா. அவரு மகளத்தான் ராஜா கட்டுனாரு. கண்ணாலத்தப் பாக்கறதுக்குள்ள மனுசன் போயிட்டாருங்க. அப்பறம் ராஜா வம்சம் அத்துப்போச்சு. பொண்ணு குடுத்த ஊட்டுக்காரங்கதான் பட்டத்துக்கு வந்தாங்க.”

அவள் யதார்த்தமாகத்தான் சொன்னாள். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

எனக்குத்தான் சுருக்கென்றது.

கடைசி வரிசைக்குப் பின்னால் அவள் அப்பா நின்றிருந்தார். மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம். மூன்றும் பெண்கள். பெயர் சொல்ல ஆளில்லாத வீடு என்று அவர் காதுபடவே பேசுவார்கள். பெண் வீட்டுக்காரர் என்று முன்னால் வந்து உட்காராமல், வருகிறவர்களைக் கும்பிட்டுக் கும்பிட்டுச் சாப்பிட அனுப்பிக்கொண்டிருந்தார்.

பெண் கொடுத்தவர் பெயரை ரஷ்யாவே முந்நூறு வருஷம் சுமந்திருக்கிறது. என் மில் தாங்காதா? அட, சென்னியப்பனை என்னவென்று நினைத்தீர்கள்!

பேரனின் காதில் மூன்று முறை சொன்னேன். பிறகு மைக்கை வாங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மண்டபம் அதிரக் கூப்பிட்டேன்.

“தம்பிதுரை!”

“இதா வந்துட்டனுங்க சம்பந்தி!”

பந்தியில் ஏதோ குறை என்று பதறி, நித்யஸ்ரீயின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.