குனியக் கூடாதாம்

"மகாராணி எழுந்தாச்சா? முகம் கழுவத் தண்ணி கொண்டு வரட்டுமா?"

விடிந்ததும் விடியாததுமாக மாமியாரின் குரலில் அலுப்பு. தலையணைகளை அடுக்கிப் பாதி உட்கார்ந்தபடியே தூங்கியிருந்த மருமகள் மெல்லக் கண் திறந்தாள்.

மூக்கு வழியாகவே போய், மண்டையோட்டின் அடியிலிருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் அந்த ஓட்டை வழியாகக் கசியாமலிருக்க, தொடையிலிருந்து சதை எடுத்து அடைத்திருந்தார்கள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கணவன் தங்கமானவன். நீ எதையும் தொடாதம்மா, ரெஸ்ட் எடு என்று காலையும் மாலையும் சொல்வான். சொல்லிவிட்டுப் போய் சோபாவில் சாய்ந்துவிடுவான். சமையல், துவையல் எல்லாம் முட்டிவலிக்கார மாமியார் தலையில்.

மாமியாரும் வாயை மூடிக்கொண்டு செய்கிற ரகமில்லை. அன்றைக்கும் மகளிடம் போனில் பொரிந்துகொண்டிருந்தாள். அவ படுத்துக்கிட்டா, நான் தேயறேன், இந்த வயசுல எனக்கு இது தேவையா...

கேட்கக் கேட்க மருமகளுக்கு உடம்பு கூசியது. எழுந்து போய், வாளியிலிருந்த ஈரத் துணிகளைக் குனிந்து அள்ளினாள்.

மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து பொட்டென்று ஒரு சொட்டு. சளியில்லை, தெளிந்த தண்ணீர். பிறகு சரியாக மூடாத குழாய் மாதிரி சொட்டிக்கொண்டே இருந்தது. தொண்டையில் உப்புக் கரித்தது.

மறுபடியும் ஆஸ்பத்திரி. கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். முதுகில் மெல்லிய குழாய் செருகி, அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். மருமகள் அசையாமல் கிடந்தாள். கணவன் வந்து பார்த்தான், கண் கலங்கினான், ஆபீஸுக்குக் கிளம்பினான். மாமியார்தான் பக்கத்திலேயே இருந்து மலம் மூத்திரம் எடுத்தாள். எடுக்கும்போதெல்லாம் திட்டினாள்.

அந்தம்மா வாய்தான் இந்தப் பொண்ணை இந்தக் கதிக்கு ஆளாக்கியது என்று பார்க்க வந்தவர்கள் கிசுகிசுத்தார்கள். மருமகளும் மறுக்கவில்லை.

ஒருவழியாகக் கசிவு நின்றது. வீடு திரும்பினாள். கடைசிப் பரிசோதனைக்கும் மாமியார்தான் கூட வந்தாள்.

டாக்டர் மூக்குக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லா மூடிடுச்சும்மா. இனிமே குனியலாம், நிமிரலாம். வீட்டு வேலையெல்லாம் பழையபடி செய்யலாம்."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். உடம்பெல்லாம் அசதிதான் பரவியது. பஸ்ஸில் மாமியாரின் முகத்தைப் பார்க்காமலே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் தன் தலையில் கட்டிவிடுவாள் என்று தெரியும். அதுவும் நியாயம்தானே, அத்தையும் எத்தனை நாள்தான் இழுத்துப் பிடிப்பாள்?

கணவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான்.

அவள் வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டாள்.

"இன்னும் மூணு மாசத்துக்கு இவ குனியவே கூடாதாம். எனக்கும் இனிமே முடியாது. நீ எழுந்து துடைப்பத்தை எடு."