விடாத வாசகர்

தேநீர்க் கடைக்குள் நுழைந்ததுமே சினார் வாசலோடு நின்றுவிட்டாள். சாம்பல் கோட்டுக்காரர் இன்று அவளைப் பின்தொடர்ந்து வரவில்லை. முன்னாலேயே வந்து, அவள் வழக்கமாக உட்காரும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

குர்து நகரமான சுலைமானியாவில் அப்படிப்பட்டவரை யாரென்று கேட்கத் தேவையில்லை. ஏதோ ஒரு பாதுகாப்பு அலுவலகத்தின் ஆள். சினார் டாக்டர் பட்டம் வாங்கி, எந்தக் கட்சியின் காசையும் தொடாமல் சின்னதாக ஓர் ஆய்வு மையம் நடத்துகிறவள். சண்டை ஓய்ந்த ஊர்களை யார், எப்படி ஆள்கிறார்கள் என்று எழுதுவது அவள் வேலை. அவள் போகுமிடமெல்லாம் தெருவோரம் நிற்பது அவர் வேலை.

"உட்காருங்க டாக்டரம்மா."

அவர் முன்னால் அவளுடைய போன அறிக்கை விரிந்து கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடுகள்; அதுவும் அவள் ரொம்ப யோசித்து, ரசித்து எழுதிய வரிகளாகப் பார்த்து.

தொலைந்தோம் என்று நினைத்தாள்.

"மாவட்ட சபைங்களைப் பத்தின அறிக்கை நவ்ரோஸ் புத்தாண்டுக்கு வரும்னீங்க. நவ்ரோஸ் நெருப்பே அணைஞ்சு போச்சு. எங்க அது?"

"அது... இன்னும் முடியல."

"முடியலையா, முடிக்கலையா?"

சினாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "முடிக்கல! நீங்க இப்படி நிழலா ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சா யாருக்கு எழுத வரும்? ரெண்டு கட்சியும் பதவியைப் பங்கு போட்டுக்கிட்டதைப் பத்தி எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போட்டாச்சு. இனி ஆய்வும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஹலப்ஜாவுல எங்கப்பாவோட மாதுளந்தோட்டத்தைப் பார்த்துக்கப் போறேன். ஜெயிச்சாச்சுன்னு உங்க அதிகாரிகிட்டப் போய்ச் சொல்லுங்க!"

பக்கத்து மேசையில் பகடை உருளும் சத்தம் நின்றது.

கோட்டுக்காரரின் முகம் வெளுத்தது. கையிலிருந்த கண்ணாடிக் குவளையைப் படக்கென்று வைத்ததில் தேநீர் தட்டில் சிந்தியது.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா! மாதுளையாம் மாதுளை! கிழிச்சதை ஒட்டிடலாம். எந்தக் குப்பைத் தொட்டின்னு மட்டும் சொல்லுங்க, நானே போய்ப் பொறுக்கிட்டு வரேன்."

சினார் திகைத்தாள். "நான் எழுதலைன்னா உங்களுக்கென்ன?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"மூணு வருஷமா நீங்க எழுதுறதைத்தாம்மா என் பேரைப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிட்டிருக்கேன்!"