பெரியவன் பதில் தரவில்லை

கம்ப்யூட்டரில் ஷெல் திறந்த மறுநொடியே மூடிக்கொண்டது. நாலு நாளாக இதே கூத்து.

புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு பட்டியல் வருமே, அதைப் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். ஷெல் என்கிற கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால்தான் வேலை நடக்கும். அந்தத் திரை நின்றால்தானே? பளிச்சென்று வரும், போய்விடும்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண் வந்தாள். பத்து நிமிஷம் தட்டினாள்.

"என்னம்மா, ஆயுசு முடிஞ்சுதா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். ஷெல் எழுந்ததும் முதல் வேலையா வேற ஒரு கம்ப்யூட்டர்கிட்டப் போய் ஒரு பட்டியலைக் கேட்குது. கிடைக்கலேன்னா மூடிக்கோன்னு எழுதி வெச்சிருக்கு."

"எந்தக் கம்ப்யூட்டர்?"

"பேரு, பெரியவன்."

அவர் முகம் சுண்டியது.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்க அண்ணனோடதா?"

ஒரு காலத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் இதே தொழில். புத்தகக் கடைசியில் சேர்க்க வேண்டாத சொற்களின் பட்டியல் அண்ணன் கணினியில் இருந்தது. இரண்டு கணினியையும் இணைத்து வைத்ததும் அண்ணன்தான். பிறகு தன் மகள் கல்யாணத்துக்குத் தம்பியைத் தபாலில் அழைத்தார். உறையின் மேல் அண்ணியின் கையெழுத்து. தம்பி போகவில்லை. பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.

"மிச்சமிருந்ததையும் அறுத்தாச்சா?" என்றார். "இது அவன் புத்தியில்ல. எல்லாம் அந்தம்மா வேலை. பதினோரு வருஷமா அவனை முந்தானைல முடிஞ்சு வெச்சிருக்கா."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. வந்த பொண்ணு என்ன நினைக்கும்?"

அந்தப் பெண் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இதைப் பாருங்க சார். செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் பதில் வந்திருக்கு. அதுக்கு முன்னாடி திங்கள், ஞாயிறு, சனி... போயிட்டே இருக்கு. நீங்க கேட்ட ஒரு நாள்கூடப் பதில் வராம இருந்ததில்ல."

"அதனால?"

"அத்தனை வருஷமும் அந்த மெஷினை யாரோ அணைய விடாம வெச்சிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"ஒரே ஒரு வரிதான். எடுத்துட்டா உடனே திறந்துடும். எடுத்துடட்டுமா?"

"எடுக்காதே!"

அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"புதன்கிழமை அவனுக்கு என்ன ஆச்சு?" என்று மனைவியைக் கேட்டார்.

"என்னைக் கேட்டா? போன் பண்ணிக் கேளுங்க."

எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. மணி ஏழு முறை அடித்தது. எட்டாவதில் அண்ணி எடுத்தாள்.

"அவனுக்கு என்ன?"

"யாரு... தம்பியா?" குரல் ஏறியது. "அவருக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கார். நான்தான் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்பதான் வந்து செருப்பைக் கழட்டினேன். நடுவுல கரண்ட் போயிருக்கும், பெட்டி அணைஞ்சிருக்கும்."

"அவன் போட மாட்டானா?"

"அவரா? அந்த ரூம் பக்கமே வர மாட்டார். ரோஷம். ஆனா தினம் காலைல நாற்காலியிலேர்ந்தே கேட்பார், உட்கார்ந்துட்டானான்னு. நீங்க வேலைக்கு உட்கார்ந்ததும் இதுல பச்சை விளக்கு சிமிட்டும். நான் பார்த்துட்டு வந்து சொல்லுவேன். அப்புறம்தான் பேப்பரைப் பிரிப்பார்."

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நாலு நாளா மகள் வீட்டுக்குப் போன் மேல போன். எப்ப வருவே, எப்ப வருவேன்னு ஒரே நச்சு. என்மேல இவ்வளவு ஆசையான்னு நினைச்சேன். இதுக்குத்தானா?"

சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"லைன்லயே இருங்க தம்பி. போட்டுட்டு வர்றேன்."

செருப்பில்லாத காலடி தூரமாகப் போனது. இங்கே மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். பழுது பார்க்கும் பெண் தட்டினாள். மூடிக்கொண்டது. இரண்டு நிமிஷம் பொறுத்து மறுபடி தட்டினாள்.

திறந்தது. அப்படியே நின்றது.

போனில் மூச்சு வாங்கியது. "சிமிட்டிருச்சு தம்பி! அவரைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். நாளைக்கு நேர்ல வர்றேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உட்கார்ந்துட்டேன்னு மட்டும் சொல்லிடுங்க."

பழுது பார்க்கும் பெண் வேலைச் சீட்டை எடுத்தாள். பேனா நடுவில் நின்றது.

"சரிசெய்தவர்னு ஒரு கட்டம் இருக்கு சார். நான் ஒண்ணுமே பண்ணலையே. யாருன்னு போட?"

"எழுது," என்றார். "அண்ணி."