மான்குவுக்குக் கண்

ஜானோவின் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. நல்லவேளை, இன்னும் அழுது முடிக்கவில்லை என்று ஜலதர் சித்ரகாருக்கு மனசு குளிர்ந்தது. அழுகிற வீட்டில்தான் அவர் தொழில் நடக்கும்.

முற்றத்தில் துண்டை விரித்து, பையிலிருந்து படத்தை எடுத்தார். போன வாரம் செத்துப்போன அவள் புருஷன் மான்கு அதில் நின்றுகொண்டிருந்தான். பாங்குரா பக்கத்துச் சந்தால் பழங்குடி ஊர்களில் எந்த ஆம்பிளை செத்தாலும் ஜலதர் கொண்டுவருவது இதே மீசையைத்தான். கண் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"பாத்தியா தாயி? மேல போயும் குருடனா அலையறான். மரத்துல முட்டிக்கறான், பள்ளத்துல விழறான். நேத்து என் கனவுல வந்து, வீட்டுக்கு வழி தெரியலையேன்னு ஒரே அழுகை. நான் கண்ணு வரைஞ்சாத்தான் அவனுக்குப் பார்வை."

"அதுக்கு என்னய்யா குடுக்கணும்?"

"அந்த ஆடு."

கொல்கத்தா கலைக் கண்காட்சியில் மைக்கைப் பிடித்தால், இதெல்லாம் அந்தக் காலத்து நம்பிக்கை, இன்று வெறும் கலை என்று அடக்கமாகச் சொல்லுவார் ஜலதர். அந்தக் கலையை வளர்க்கிற சீமான்கள் நாளை அவர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். ஆட்டுக்கறி இல்லையென்றால் அடுத்த கண்காட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூட்டிப் போய்விடுவார்கள். ஆகவே மான்கு இன்றைக்கே தவித்தாக வேண்டும்.

"இருக்கறது அது ஒண்ணுதான்யா. ஒரு கோழி புடிச்சுக்குங்களேன்."

"கோழிக்கா? ஒத்தைக் கண்ணுகூட வராது!"

அவள் போய் அடுப்பருகே குந்தினாள். உள்ளே புகைந்து எரிந்துகொண்டிருந்தது மான்குவின் மூங்கில் தடி. ராத்திரியில் அது விழும் சத்தம் ஊருக்கே தெரியும். விறகுக்குக்கூட வழியில்லாத வீடு என்று ஜலதர் கொஞ்சம் இரக்கப்பட்டார். ஆடு வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

"ஏன்யா, கண்ணு இல்லேன்னா நெசமாவே வீட்டுக்கு வர மாட்டானா? எந்த இருட்டுலயும், எவ்வளவு குடிச்சிருந்தாலும், வழி கண்டுபிடிச்சு வந்துருவானே!"

"இப்ப முடியாது தாயி. வாசல்ல வந்து நின்னாக்கூட யார் வீடுன்னு தெரியாது. எமனே கையைப் புடிச்சுக் கூட்டிவந்தாலும் தெரியாது."

"சத்தியமா?"

"என் தூரிகை மேல சத்தியம்."

அவள் சட்டென்று எழுந்தாள். ஆட்டை அவிழ்த்து வந்து கயிற்றை அவர் கையில் திணித்தாள்.

ஜலதருக்கு வாயெல்லாம் பல். கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, சிரட்டையிலிருந்த மையில் தூரிகையைத் தோய்த்துப் படத்தின் மேல் குனிந்தார்.

ஜானோ பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கண்ணு வைக்காதீங்கய்யா. வைக்காம இருக்கத்தான் ஆடு."